கவர்னர் வீட்டு கதவை உடைச்சவன்: சூப்பர் ஹீரோ, அமெரிக்க மதம், அமெரிக்க அரசியல்

கேள்வி இது தான்: "அமெரிக்க சூப்பர் ஹீரோ கதைக்குள்ள மதம் இருக்கு, அரசியல் இருக்குன்னு படிச்சவங்க எல்லாம் எழுதறாங்களே, நெஜமாவே இருக்கா, இல்ல குழந்தைங்க படிக்கற காமிக்ஸுக்கு கோனார் நோட்ஸ் போடறாங்களா?"

ரெண்டும் நடக்குது. நோட்ஸ் போடறவங்க சில சமயம் ஓவரா போடறாங்க, அதுக்கு ஒரு உதாரணம் கீழ வருது. ஆனா சரக்கே இல்லைன்னு சொல்ல முடியாது, ஏன்னா முதல் கதையிலயே அது பச்சையா இருக்கு.

1938 ஜூன்னு தேதி போட்டு ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் வந்துச்சு, விலை 10 சென்ட். அந்த அட்டையை பாக்காதவங்க கம்மி, ஒருத்தன் பச்சை காரை அப்படியே தூக்கி பாறையில அடிச்சுக்கிட்டு இருப்பான். அட்டையை விடுங்க, உள்ள போங்க. ராத்திரி நேரம், சூப்பர்மேன் கட்டிப்போட்ட ஒரு பொண்ணை தூக்கிட்டு ஓடி வந்து கவர்னர் வீட்டு புல்தரையில போட்டுட்டு கதவை தட்டறான். வேலைக்காரர், போய்ட்டு காலையில வாப்பாங்கறார். இவன் கதவை உடைச்சுட்டு உள்ள போறான், வழி காட்ட மாட்டேன்னு நிக்கற வேலைக்காரரை ஒத்தை கையில தூக்கிட்டு மாடிப்படி ஏறறான், கவர்னர் தூங்கற ரூமுக்கு இரும்பு கதவு, அதையும் பிச்சு எடுக்கறான், வேலைக்காரர் துப்பாக்கி எடுத்து சுட்டா குண்டு பட்டு தெறிச்சு விழுது. இவ்ளோ ரகளையும் எதுக்குன்னா இன்னும் கொஞ்ச நிமிஷத்துல மின்சார நாற்காலியில உக்கார வைக்க போற ஒரு பொண்ணு நிரபராதி, நெஜமா கொலை பண்ணவ வெளிய புல்லுல கிடக்கறா, அவ கையெழுத்து போட்ட வாக்குமூலம் இந்தாங்க. கவர்னர் படிக்கறார், ஜெயிலுக்கு போன் போடறார், பொண்ணு பொழைக்கறா.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், அவன் நேரா ஜெயில் சுவத்தை உடைச்சு அந்த பொண்ணை தூக்கிட்டு போயிருக்கலாம், யாராலயும் தடுத்திருக்க முடியாது. ஆனா போகல. கவர்னரை எழுப்பி அவர் கையில பேப்பரை குடுக்கறான். சட்டத்தோட கதவை உடைக்கறான், ஆனா சட்டத்தோட கையெழுத்து அவனுக்கு வேணும். மறுநாள் கவர்னர் தன் ஆளுங்க கிட்ட, நல்லவேளை அவன் சட்டத்து பக்கம் இருக்கற மாதிரி தெரியுதுங்கற அர்த்தத்துல ஒரு வார்த்தை சொல்லி பெருமூச்சு விடறார். கவனிங்க, இருக்கான்னு சொல்லல, இருக்கற மாதிரி தெரியுதுன்னு தான் சொல்றார். அமெரிக்க சூப்பர் ஹீரோவோட அரசியல் மொத்தமும் அந்த "தெரியுது"க்குள்ள இருக்கு. அவனுக்கு யாரும் ஓட்டு போடல, யாரும் பதவி குடுக்கல, தப்பு பண்ணா யாராலயும் இறக்க முடியாது, அவன் நல்லவனா இருக்கான்ங்கறது நம்ம அதிர்ஷ்டம், அவ்ளோ தான்.

இது எதேச்சையா வந்த வார்த்தைன்னு தோணும், ஆனா எழுதினவங்களோட பழைய கதையை பாத்தா தோணாது. ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர்னு க்ளீவ்லாண்ட் நகரத்துல கிளென்வில் பகுதியில ஒண்ணா படிச்ச ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் ஐரோப்பாவுலேர்ந்து குடியேறின யூத குடும்பம், காசு கிடையாது. பெரும் பொருளாதார வீழ்ச்சி காலம். 1933ல இவங்களே சொந்தமா அடிச்ச ஒரு சின்ன பத்திரிகையில 'சூப்பர்மேன்'ங்கற வார்த்தை போட்டு ஒரு கதை வந்துச்சு, அதுல சூப்பர்மேன் மொட்டைத்தலை வில்லன்! ரொட்டிக்கு வரிசையில நின்ன ஒரு பரதேசியை ஒரு விஞ்ஞானி கூட்டிட்டு போய் மருந்து குடுக்க, அவனுக்கு சக்தி வந்து உலகத்தையே ஆளணும்னு கிளம்பிடறான். அதாவது இவங்களுக்கு முதல்ல தோணினதே, இவ்ளோ சக்தி ஒருத்தன் கையில வந்தா அவன் கெட்டு போவான்ங்கறது தான். அப்புறம் தான் அதை அப்படியே திருப்பி போட்டு நல்லவனாக்கினாங்க. அந்த கதைக்கும் முன்னாடி 1932ல சீகலோட அப்பா, பழைய துணிக்கடை வெச்சிருந்தவர், கடையில திருட்டு நடக்கும்போது மாரடைப்புல செத்து போறார். குண்டு துளைக்காத மனுஷன் கதைக்கும் இதுக்கும் முடிச்சு போட்டு நெறைய பேர் எழுதியிருக்காங்க, நான் போடல, நீங்களே படிச்சுக்கங்க.

ஆரம்ப கால சூப்பர்மேன் யாரை அடிக்கறான்னு பாத்தா இன்னிக்கு படம் பாக்கறவங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். வேற்று கிரகத்து அரக்கன்லாம் கிடையாது. பொண்டாட்டியை பெல்ட்டால அடிக்கறவன், லஞ்சம் வாங்கற செனட்டர், அவருக்கு பணம் குடுக்கற தரகன். மூணாவது இதழ்ல ஒரு சுரங்க முதலாளி, பாதுகாப்பு எதுவும் செய்யாம தொழிலாளிங்களை உள்ள அனுப்பறவன், அவனையும் அவன் பார்ட்டிக்கு வந்த பணக்கார விருந்தாளிங்களையும் கோட்டு சூட்டோட அதே சுரங்கத்துக்குள்ள இறக்கி வழியை அடைச்சுடறான், உள்ள எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கட்டும்னு. எட்டாவது இதழ்ல இன்னும் ஒரு படி மேல, ஒரு சேரியில வளர்ற பசங்க திருட்டுக்கு போறதுக்கு காரணம் அந்த இடம் தான்னு முடிவு பண்ணி, ஜனங்களை காலி பண்ண சொல்லிட்டு மொத்த சேரியையும் இடிச்சு தள்றான், அரசாங்கம் வேற வழியில்லாம புது வீடு கட்டி குடுக்குது. அதிபர் ரூஸ்வெல்ட் ஆட்சி காலத்து கோபம், ரூஸ்வெல்ட் காலத்து நம்பிக்கை. புல்டோசருக்கு பதிலா ஒரு மனுஷன், அதுல இருக்கற ஆபத்தும் இப்ப நமக்கு புரியுது, அப்ப அவங்களுக்கு ஆசை மட்டும் தான் இருந்துச்சு.

சரி, மதத்துக்கு வரேன்.

இடிஞ்சு போற கிரிப்டான் கிரகத்துலேர்ந்து குழந்தையை ராக்கெட்ல வெச்சு அனுப்பறாங்க, வேற ஜனம் எடுத்து வளக்குது, வளந்து பெரியவனாகி காப்பாத்தறான். பைபிள் தெரிஞ்ச யாருக்கும் இது மோசே கதைன்னு தோணும், நாணல் கூடையில ஆத்துல விட்ட குழந்தை. யூத பசங்க எழுதினதால இந்த ஒப்புமை சரியாவே பொருந்துது. இதோட நிறுத்திக்கிட்டா பரவால்ல, 'கால்-எல்'ங்கற அவன் சொந்த பேர்ல வர்ற 'எல்' ஹீப்ரு மொழியில கடவுளை குறிக்கற சொல், சீகல் ரகசியமா ஒளிச்சு வெச்சாருன்னு ஒரு கூட்டம் கிளம்பும். கோனார் நோட்ஸ் இது தான். 1939ல பத்திரிகை தொடர்ல அந்த பேர் வந்தப்ப வெறும் L-ங்கற ஒரே ஒரு ஆங்கில எழுத்து தான் கடைசியில இருந்துச்சு, அப்பா பேரும் அதே மாதிரி. முழுசா எழுத்துக்கூட்டி எழுதறது 1942ல வேற ஒருத்தர் எழுதின நாவல்ல தான் வருது. ஒளிச்சு வெச்சிருந்தா அதை சீகல் ஒளிச்சு வெக்கல.

எனக்கு இதை விட முக்கியமா படறது, நடுவுல மோசே போய் இயேசு வந்துட்டார்ங்கறது. 1978 படத்துல அப்பா ஜோர்-எல் பேசற வசனம், மனுஷங்க நல்லவங்களா ஆகணும்னு ஆசைப்படறாங்க, வழிகாட்ட வெளிச்சம் இல்ல, அதனால என் ஒரே மகனான உன்னை அவங்க கிட்ட அனுப்பறேன். கடவுள் தன் ஒரே மகனை உலகத்துக்கு குடுத்தார்ங்கற பைபிள் வசனம், யோவான் 3:16, ஞாயிறு பள்ளிக்கு போன எந்த குழந்தைக்கும் மனப்பாடம், தியேட்டர்ல இந்த வசனம் கேட்டதும் புரிஞ்சிருக்கும். 2013 படத்துல ஒளிவு மறைவே இல்ல, சூப்பர்மேன் சர்ச்ல உக்காந்து பாதிரியார் கிட்ட ஆலோசனை கேக்கறான், அவன் தலைக்கு பின்னாடி கண்ணாடி ஜன்னல்ல கெத்செமனே தோட்டத்துல ஜெபம் பண்ற இயேசு, ஒரே ஃப்ரேம்ல ரெண்டு முகம். அவன் வயசு 33, இயேசுவை சிலுவையில அறைஞ்சப்ப இருந்ததா சொல்ற அதே வயசு. கொஞ்ச நேரம் கழிச்சு விண்கப்பல்லேர்ந்து குதிக்கும்போது ரெண்டு கையையும் சிலுவை மாதிரி விரிக்கறான். இது போதாதுன்னு ஸ்டூடியோவே போதகர்களை கூப்பிட்டு முன்கூட்டியே படம் போட்டு காட்டி, ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு குறிப்பு வேற தயார் பண்ணி குடுத்தாங்க. டிக்கெட் விக்கறதுக்கு தான், வேற என்ன.

இந்த மாத்தம் சும்மா இல்ல. மோசே ஜனங்களை கூட்டிட்டு நடக்கறவர், சட்டத்தை கையில வாங்கிட்டு வர்றவர், அந்த ஜனங்களும் 40 வருஷம் பாலைவனத்துல நடக்கணும். ரட்சகர் கதையில ஜனங்க எதுவும் பண்ண வேணாம், நிமிந்து வானத்தை பாத்தா போதும். (இயேசுவோட உண்மையான போதனை அப்படி இல்லைன்னு கிறிஸ்தவ நண்பர்கள் சண்டைக்கு வருவீங்க, ஒத்துக்கறேன், நான் சொல்றது படத்துல வர்ற இயேசுவை. அந்த இயேசு மறு கன்னத்தை காட்றதில்ல, குத்து விடறார்.)

ராபர்ட் ஜூயட்னு ஒரு பைபிள் ஆராய்ச்சியாளரும் ஜான் ஷெல்டன் லாரன்ஸ்னு ஒரு தத்துவ பேராசிரியரும் 1977லயே இதை பத்தி எழுதிட்டாங்க. அவங்க சொல்றது ஏறக்குறைய இப்படி: அமைதியான ஒரு ஊர், அதுக்கு ஒரு கெடுதல் வருது, போலீஸ் கோர்ட் மேயர் எல்லாம் கையாலாகாம நிக்கறாங்க, எங்கேர்ந்தோ ஒருத்தன் வந்து தீர்த்து வெச்சுட்டு ஊர்க்காரங்க நன்றி சொல்றதுக்குள்ள மறைஞ்சு போயிடறான். உலகத்து பழைய கதைகள்ல வீட்டை விட்டு போன நாயகன் கடைசியில திரும்பி வந்து கல்யாணம் பண்ணி ராஜ்ஜியம் ஆள்றான், அமெரிக்க நாயகன் மட்டும் தங்கறதில்லைங்கறது அவங்க பாயிண்ட். சூப்பர்மேனுக்கு முன்னாடியே 1933ல டெட்ராய்ட் ரேடியோவுல ஆரம்பிச்ச லோன் ரேஞ்சர் இதே தான், முகமூடி போட்டு குதிரையில வருவான், போனப்புறம் யாரோ ஒருத்தர் யாருப்பா அந்த முகமூடிக்காரன்னு கேப்பாங்க. ஜூயட், லாரன்ஸ் ரெண்டு பேரோட கவலை என்னன்னா, இதையே பாத்து பாத்து வளர்ற ஒரு நாடு, சட்டசபையில உக்காந்து பேசி முடிக்கறதை எல்லாம் வெட்டி வேலைன்னு நினைக்க ஆரம்பிச்சுடும்.

நான் முழுசா ஒத்துக்க மாட்டேன், ஏன்னா இதே காமிக்ஸ் தான் பல தடவை நேர் எதிரா நின்னிருக்கு. 1941 மார்ச்னு தேதி போட்டு வந்த கேப்டன் அமெரிக்கா முதல் இதழ் அட்டையில அவன் ஹிட்லர் தாடையில குத்து விடறான். கடைக்கு வந்தது 1940 டிசம்பர்ல, அதாவது பேர்ல் ஹார்பர்ல ஜப்பான் குண்டு போட்டு அமெரிக்கா போருக்குள்ள வந்ததுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னாடி, போர் நமக்கெதுக்குன்னு பாதி அமெரிக்கா சொல்லிட்டு இருந்தப்ப. வரைஞ்ச ஜாக் கிர்பி, கூட இருந்த ஜோ சைமன் ரெண்டு பேருமே யூதர்கள். அமெரிக்க நாஜிங்க மிரட்டல் அனுப்ப, நியூயார்க் மேயர் லாகார்டியாவே ஆபீசுக்கு போன் போட்டு, பயப்படாதீங்க பசங்களா, நகரம் உங்களை பாத்துக்கும்னு சொன்னதா சைமன் எழுதி வெச்சிருக்கார். அதுக்கும் முன்னாடி 1940 பிப்ரவரியில ஒரு பத்திரிகைக்காக சீகலும் ஷஸ்டரும் ரெண்டு பக்கம் வரைஞ்சு குடுத்தாங்க, சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் சட்டையை பிடிச்சு தூக்கிட்டு போய் ஜெனிவாவுல, ஐ.நா.வுக்கு முன்னாடி இருந்த சர்வதேச சங்கத்து முன்னாடி நிறுத்தறான். அங்கயும் பாருங்க, கொல்லல, கோர்ட்டுக்கு தான் கொண்டு போறான், கவர்னர் கையில பேப்பர் குடுத்த அதே பழக்கம். ஏப்ரல்ல ஹிட்லரோட எஸ்.எஸ். படையோட சொந்த வாரப்பத்திரிகை சீகல் பேரை சொல்லி, அவர் யூதர்ங்கறதை சொல்லி கேவலமா ஒரு கட்டுரையே போட்டுது. காமிக்ஸ்னு அவங்க சிரிச்சுட்டு போகல.

நெஜமாவே போர் வந்ததும் ஒரு தர்மசங்கடம். சூப்பர்மேன் பட்டாளத்துல சேந்தா போர் சாயங்காலத்துக்குள்ள முடியணும், அங்க நெஜமா செத்துக்கிட்டு இருக்கற பசங்களுக்கு அது அவமானம். அதனால 1942ல, சூப்பர்மேன் சாதாரண மனுஷனா வேஷம் போடற கிளார்க் கென்ட் ஆள் சேர்ப்புக்கு போய் கண் டெஸ்ட்ல ஃபெயில் ஆயிடறான்! பதட்டத்துல எக்ஸ்ரே பார்வை சுவத்தை தாண்டி போயிட்டதால பக்கத்து ரூம்ல மாட்டியிருந்த சார்ட்டை படிச்சு தொலைச்சுட்டான். இதை யோசிச்சவனுக்கு கோயிலே கட்டலாம்.

1946ல ரேடியோவுல 16 பகுதி ஓடின ஒரு தொடர்ல, சீன குடும்பத்து பையனுக்கு பேஸ்பால் டீம்ல இடம் கிடைச்சதுக்கு வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் மாதிரி ஒரு முகமூடி கும்பல் அவங்க வீட்டு வாசல்ல சிலுவை கொளுத்த, சூப்பர்மேன் அந்த கும்பலை பிடிக்கறான். கிளானோட ரகசிய சொல்லெல்லாம் ரேடியோவுல அம்பலம் ஆகி கிளானே படுத்துடுச்சுன்னு ஒரு கதை சுத்துது, அதுல மிகை ஜாஸ்தி. ஆனா ஒரு கம்பெனி தானியம் விக்கற குழந்தைங்க நிகழ்ச்சியில அந்த காலத்துல இதை பேசினதே பெரிசு. இன்னொரு நெருடலும் இருக்கு, முகமூடி போட்டு ராத்திரியில வந்து சட்டத்தால முடியாததை முடிக்கறோம்னு கிளானும் தங்களை பத்தி அதே கதையை தான் சொல்லிக்கிட்டாங்க. 1915ல வந்த மௌனப்படம் ஒண்ணு அவங்களை அப்படியே ரட்சகரா காட்டுச்சு, அதை பாத்து தான் செத்து போன கிளான் மறுபடி எழுந்துச்சு. வேஷம் ஒண்ணு தான், உள்ள யாருங்கறது தான் கேள்வி.

1954ல செனட் விசாரணை, காமிக்ஸ் பசங்களை கெடுக்குதுன்னு. பதிப்பாளர்களே பயந்து ஒரு விதிமுறை எழுதிக்கிட்டாங்க, போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரிங்க மேல மரியாதை குறையற மாதிரி எதுவும் வரக்கூடாதுன்னு அதுல ஒரு விதி. அப்ப பைஜாமாவோட முழிக்கற கவர்னர் கோவிந்தா. சுரங்க முதலாளி, லஞ்ச செனட்டர் எல்லாம் போய் வேற்று கிரகத்துக்காரங்க வந்ததுல இதுக்கும் பங்கு இருக்கு. அந்த தடை லேசா தளர்ந்தப்புறம் 1974ல ஒரு கேப்டன் அமெரிக்கா கதையில, சதிகார கும்பலோட தலைவனை துரத்திட்டு போனா அவன் ஓடி ஒளியற இடம் வெள்ளை மாளிகை. முகமூடியை கழட்டறான், முகத்தை நமக்கு காட்ட மாட்டாங்க, அங்கயே சுட்டுக்கிட்டு சாகறான். வாட்டர்கேட் ஊழல் விவகாரம் நடந்துட்டு இருக்கு, அதுல மாட்டின அதிபர் நிக்சன் இன்னும் ராஜினாமா கூட பண்ணல. யாருன்னு எழுதணுமா என்ன. அதுக்கப்புறம் கேப்டன் அமெரிக்கா அந்த பேரையும் கேடயத்தையும் கொஞ்ச நாள் தூக்கி போட்டுட்டு நாடோடின்னு வேற பேர் வெச்சுக்கறான்.

ஆக, எழுதினவங்க எல்லாரும் அதிகாரத்துக்கு ஜால்ரா போட்டாங்கன்னு சொல்ல முடியாது. நடந்தது வேற. அதிகாரத்துல இருக்கறவங்க அந்த சட்டையை எடுத்து மாட்டிக்க ஆரம்பிச்சாங்க.

1985ல பணயக்கைதிங்க விடுதலை ஆன நேரம், ரீகன் மைக் டெஸ்ட்ல, நேத்து ராத்திரி ராம்போ பாத்தேன், அடுத்த தடவை என்ன பண்ணணும்னு இப்ப தெரிஞ்சுடுச்சுன்னார். ஜோக் தான். 2002 பிப்ரவரியில ஜெர்மன் பத்திரிகை டெர் ஷ்பீகல் கிண்டலா ஒரு அட்டை போட்டுது, அதிபர் புஷ் ராம்போவா, வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் பேட்மேனா, மத்த அமைச்சருங்களும் கையில ஆயுதத்தோட. கோவிச்சுப்பாங்கன்னு எதிர்பாத்தா, அமெரிக்க தூதர் பத்திரிகை ஆபீசுக்கு வந்து அதிபருக்கு ரொம்ப சந்தோஷம்னு சொல்லி போஸ்டர் சைஸ்ல 33 காப்பி கேட்டார். கிண்டல்னே உறைக்கல. அடுத்த வருஷம் மே 1ம் தேதி அதே புஷ் விமானி டிரஸ்ல போர்க்கப்பல்ல வந்து இறங்க, பின்னாடி வேலை முடிஞ்சுதுன்னு பேனர். இராக்ல வேலை அப்ப தான் ஆரம்பிச்சுதுன்னு உங்களுக்கு தெரியும்.

ஒபாமா இதை வேற மாதிரி கையாண்டார். 2008 அக்டோபர்ல நியூயார்க்ல கத்தோலிக்க அறக்கட்டளை விருந்து, ரெண்டு வேட்பாளரும் வந்து ஒருத்தரை ஒருத்தர் கலாய்க்கறது வழக்கம். நான் ஒண்ணும் மாட்டுத்தொழுவத்துல பொறக்கல, நெஜத்துல கிரிப்டான்ல பொறந்தேன், எங்க அப்பா ஜோர்-எல் பூமியை காப்பாத்த அனுப்பினார்னு சொன்னார். ஒரே வரியில இயேசு, சூப்பர்மேன், தன்னை சுத்தி வளர்ந்த ரட்சகர் மோகம் மூணையும் குத்திட்டார். ஆனா அவர் கட்சிக்காரங்க அவரை சூப்பர்மேனா வரைஞ்ச டி-ஷர்ட்டை சீரியஸா தான் போட்டுட்டு திரிஞ்சாங்க.

இப்ப 2016 ஜூலை. குடியரசு கட்சி மாநாடு, டிரம்ப் வேட்பாளர் பேச்சு. இந்த அமைப்பை என்னை விட தெரிஞ்சவன் யாரும் இல்ல, அதனால என் ஒருத்தனால தான் இதை சரி பண்ண முடியும்னார். மாநாடு நடந்த ஊர் எது தெரியுமா? க்ளீவ்லாண்ட். சீகலும் ஷஸ்டரும் சூப்பர்மேனை வரைஞ்ச அதே க்ளீவ்லாண்ட். அந்த பசங்க எழுதினது கவர்னரை எழுப்பறவன் கதை, இங்க மேடையில நிக்கறவர் கவர்னருக்கும் மேல உள்ள நாற்காலியை கேக்கறவர், வசனம் மட்டும் முகமூடிக்காரனோடது. 2022ல அவர் தன்னை சூப்பர் ஹீரோவா காட்ற படங்களை 99 டாலருக்கு டிஜிட்டல் கார்டா வித்தார், 2025 ஜூலையில வெள்ளை மாளிகையோட சொந்த கணக்குலயே அவரை சூப்பர்மேனா போட்டு போஸ்டர் வந்துச்சு. அதே வாரம் தான் அப்ப வந்த சூப்பர்மேன் படத்து டைரக்டர், சூப்பர்மேன் குடியேறி வந்தவன் கதைன்னு பேட்டி குடுத்து, அதுக்கு ஒரு கூட்டம் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. பேப்பர் இல்லாம வயல்ல வந்து விழுந்த குழந்தையை வேற என்னன்னு சொல்றதாம்?

பனிஷர் மண்டை ஓடு விஷயம் இதை விட மோசம். 1974ல ஸ்பைடர்மேன் கதையில வில்லனா வந்தவன், கோர்ட்டை நம்பாம ஆளுங்களை சுட்டு தள்றவன். அவன் நெஞ்சுல இருக்கற மண்டை ஓட்டை அமெரிக்க சிப்பாய்ங்களும் போலீஸ்காரங்களும் வண்டியில ஒட்டிக்கிட்டாங்க, 2021 ஜனவரி 6 அன்னிக்கு நாடாளுமன்றத்துக்குள்ள புகுந்த கூட்டத்துலயும் அது இருந்துச்சு. உருவாக்கின ஜெர்ரி கான்வே புலம்பினது, இவன் நீதி அமைப்பு தோத்து போனதோட அடையாளம், நீதி அமைப்புல வேலை பாக்கறவனே இதை குத்திக்கிட்டா என்ன அர்த்தம்னு. 2019ல காமிக்ஸுக்குள்ளயே பதில் வந்துச்சு, ரெண்டு போலீஸ்காரங்க தீவிர ரசிகர்னு ஸ்டிக்கரை காட்ட பனிஷர் அதை கிழிச்சு போட்டுட்டு, நீங்க சட்டத்தை காப்பாத்தறேன்னு சத்தியம் பண்ணவங்க, முன்மாதிரி வேணும்னா கேப்டன் அமெரிக்கா இருக்கான் போங்கடாங்கறான். ஸ்டிக்கர் விக்கறது நின்னுச்சான்னா, அதெல்லாம் இல்ல.

உங்களுக்கு ஆர்வம் இருந்தா புது படம் எதுவும் பாக்க வேணாம், அந்த 1938 கதையை தேடி படிங்க, 13 பக்கம் தான். அதுல அவனுக்கு பறக்கவே தெரியாது, தாவறது மட்டும் தான். கடைசி பக்கத்துல வாஷிங்டன்ல, செனட்டருக்கு பணம் குடுத்த அந்த தரகனை கையில தூக்கிக்கிட்டு டெலிபோன் கம்பி மேல எல்லாம் ஓடி அவனை கதற விட்டுட்டு, ஒரு கட்டடத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு தாவறான். சே, தவறிடுச்சேங்கறான். ரெண்டு பேரும் கீழ விழறாங்க. தொடரும்.